ஐந்து மில்லிமீட்டர் தூரத்தில் கதிர்: மோல்டு வைத்துக் கொடுக்கும் சிகிச்சை பற்றி ஓர் எளிய விளக்கம்

மூக்கின் பக்கவாட்டில் ஒரு புண். வலி இல்லை. காய்ந்து பொருக்குத் தட்டும், முகம் கழுவும்போது உரிந்து கொஞ்சம் ரத்தம் வரும், மறுபடி காயும். சென்னை காசிமேட்டில் முப்பது நாற்பது வருடம் வெயிலில் வலை இழுத்த பெரியவர் ஒருவருக்கு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மஞ்சள், களிம்பு எல்லாம் போட்டுப் பார்த்து, மாதக்கணக்கில் ஆறாமல் போன பிறகுதான் டாக்டரிடம் போகிறார். துளி சதை எடுத்து பயாப்சி பார்க்கிறார்கள். 'பேசல் செல் கார்சினோமா' என்று வருகிறது. தோலின் மேல்பகுதியில் மெதுவாக வளரும் புற்றுநோய் இது. வேறு இடங்களுக்குப் பரவுவது மிக அரிது. ஆனால் கவனிக்காமல் விட்டால், இருக்கும் இடத்தை அரித்துக்கொண்டே போகும். "அறுத்து எடுக்கலாம், இல்லையென்றால் மோல்டு செய்து கரண்ட் வைக்கலாம்" என்கிறார் டாக்டர்.

அங்கேதான் குடும்பத்தில் எல்லோருக்கும் குழப்பம் தொடங்கும். நான் கதிர்வீச்சுப் பிரிவில் வேலை பார்க்கிறேன், வீடு தண்டையார்பேட்டை. அதனால் இந்தக் கேள்விகள் தெருவிலேயே என்னிடம் வரும். மோல்டு என்றால் முகத்தை மூடும் முகமூடியா? ஷாக் அடிக்குமா? வீட்டில் குழந்தை இருக்கிறதே, பக்கத்தில் விடலாமா? ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். முதலில் ஷாக் பயத்தை விட்டுவிடலாம். பேச்சில் கரண்ட் என்று சொன்னாலும், மின்சாரம் உடம்பைத் தொடுவதே இல்லை. உடம்புக்குள் போவது கதிர். அது போகும்போது கண்ணுக்கும் தெரியாது, தோலுக்கும் தெரியாது.

மற்ற கேள்விகளுக்கு வருவதற்கு முன் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. அது தூரம். இந்த சிகிச்சையில் எல்லாக் கணக்கும் தூரத்தில்தான் நிற்கிறது.

போகி அன்று விடியற்காலையில், வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ தெருவில் எரியும் நெருப்புப் பக்கம் நின்றிருப்பீர்கள். நெருப்பை ஒட்டி நிற்பவர் அரை அடி பின்னால் வந்தாலே சூடு சட்டென்று குறையும். தெருமுனையில் நிற்பவர் அதே அரை அடி நகர்ந்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. கதிரும் இப்படித்தான். கதிர் கிளம்பும் புள்ளியிலிருந்து இரண்டு மடங்கு தூரம் தள்ளிப் போனால் கதிரின் வலிமை நான்கில் ஒரு பங்காகிவிடும். மூன்று மடங்கு போனால் ஒன்பதில் ஒரு பங்கு.

பெரும்பாலான புற்றுநோய்களுக்குப் பயன்படும் பெரிய இயந்திரம் லீனியர் ஆக்சிலரேட்டர். அதில் கதிர் கிளம்பும் இடத்துக்கும் நோயாளிக்கும் நடுவே சுமார் 100 சென்டிமீட்டர் இருக்கும். அதாவது அது தெருமுனையில் நிற்கிறது. தோலின் மேல்பரப்பையும் அதற்கு 5 மில்லிமீட்டர் கீழே உள்ள இடத்தையும் எடுத்துக்கொண்டால், தூரம் என்ற ஒரே காரணத்தால் வரும் வித்தியாசம் 1 சதவீதம்தான். ஆழத்தில் இருக்கும் கட்டிக்கு இது நல்லது, கதிர் உள்ளே போய்ச் சேர வேண்டும். ஆனால் நம் பெரியவரின் புண் மேலோட்டமானது. அதற்குக் கீழே மூக்கின் குருத்தெலும்பு, பக்கத்தில் கண். அங்கெல்லாம் கதிர் போய்ச் சேரக் கூடாது.

இப்போது கதிர் தரும் பொருளைத் தோலுக்கு மேலே 5 மில்லிமீட்டரில் கொண்டுவந்து நிறுத்துங்கள். தோலுக்கு 5 மில்லிமீட்டர் கீழே உள்ள இடம் அந்தப் பொருளிலிருந்து 10 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது, தூரம் இரண்டு மடங்கு. ஆகவே அங்கே தோலுக்குக் கிடைத்ததில் கால் பங்கு. 2 சென்டிமீட்டர் ஆழத்தில் தூரம் ஐந்து மடங்கு, அங்கே போவது 4 சதவீதம். இது ஒரே ஒரு புள்ளிக்கான கணக்கு. நிஜத்தில் பல புள்ளிகளைப் பக்கம் பக்கமாகப் பரப்புவதால் இவ்வளவு வேகமாகக் குறையாது. ஆனாலும் குணம் இதுதான்: மேலே பலமாக விழும், உள்ளே போகப் போக விறுவிறுவென்று குறையும். ஒட்டி நின்று கொடுக்கும் இந்த முறைக்கு மருத்துவமனையில் பிராக்கிதெரபி என்று பெயர். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு உள்ளே கருவி வைத்துக் கொடுப்பதும் இதே வகைதான். அதனால் நம் ஊரில் பலர் இதைக் கேள்விப்பட்டிருப்பார்கள்.

இப்படி வேகமாகக் குறைவது நமக்குச் சாதகம்தான், ஆனால் அதே குணம் காலையும் வாரிவிடும். 5 மில்லிமீட்டரில் இருக்க வேண்டியது 1 மில்லிமீட்டர் எழும்பி 6 ஆகிவிட்டால், அந்தப் புள்ளியிலிருந்து தோலுக்குப் போவது கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்துவிடும். 2 மில்லிமீட்டர் எழும்பினால் பாதிதான் மிஞ்சும். இரண்டு தீக்குச்சி மருந்துமுனை அளவுகூட இல்லாத இடைவெளி, ஆனால் அந்த இடத்தில் புற்றுநோய் மீந்து போகலாம். மாறாக, நெருங்கிவிட்டால் தோல் வெந்துவிடும்.

மோல்டு செய்வது இதற்காகத்தான். ஒருவருடைய மூக்கின், காதின், உதட்டின் மேடு பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும்படி அவருக்கென்றே செய்த அச்சு அது. உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் குழாய்கள் ஓடும். கதிர்ப்பொருள் அந்தக் குழாய்களுக்குள் வந்து போகும். குழாய்க்கும் தோலுக்கும் நடுவே உள்ள தூரம் எங்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். முதல் நாள் எப்படி உட்கார்ந்ததோ, கடைசி நாளும் அப்படியே உட்கார வேண்டும்.

நெற்றி, முதுகு, கால் போன்ற இடங்கள் ஓரளவு தட்டையாக இருக்கும். அங்கே ஆயத்தமாகக் கிடைக்கும் சிலிக்கான் பட்டைகளே போதும். அவற்றில் ஒன்று ஃப்ரைபர்க் ஃபிளாப். 1 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிலிக்கான் உருண்டைகளை வரிசையாக ஒட்டவைத்தது போல இருக்கும். குழாய் உருண்டையின் நடுவே போகிறது, அதனால் பட்டையைத் தோலில் படுக்க வைத்தாலே தூரம் 5 மில்லிமீட்டர் ஆகிவிடுகிறது. எளிமையான, அழகான யோசனை. நாணயம் அளவுள்ள சின்னப் புண் தட்டையான இடத்தில் இருந்தால் டங்ஸ்டனில் செய்த சின்னக் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்து வைத்தும் கொடுப்பார்கள்.

மூக்கின் மடிப்பு, காதின் பின்புறம், கண்ணின் உள்மூலை, விரல் இடுக்கு, இங்கெல்லாம் பட்டை படியாது. அங்கேதான் அச்சு எடுக்க வேண்டும்.

கையால் செய்யும் முறை இப்படி. பல் டாக்டர்கள் வாயில் அளவெடுக்கப் பயன்படுத்தும் ஆல்ஜினேட் பசையை முகத்தில் அந்த இடத்தில் பூசுவார்கள். மூக்கை மூடும்படி இருந்தால் மூச்சுவிட ஸ்ட்ரா வைப்பார்கள். சில நிமிடத்தில் பசை இறுகிவிடும். அதைக் கழற்றி, உள்ளே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைத்து ஊற்றினால் முகத்தின் நகல் கிடைக்கும். அப்புறம் நோயாளி வீட்டுக்குப் போகலாம், மீதி வேலை நகலின் மேல் நடக்கும். மெழுகையோ அக்ரிலிக்கையோ சொன்ன கனத்துக்குப் படியவைத்து, சுமார் 1 சென்டிமீட்டர் இடைவெளியில் குழாய்களைப் பதித்து, மேலே இன்னொரு அடுக்கு போட்டு மூடுவார்கள். இன்னொரு வழி தெர்மோபிளாஸ்டிக் ஷீட். சுமார் 70 டிகிரி வெந்நீரில் போட்டால் துணி போலத் தளர்ந்துவிடும். தோல் தாங்கும் சூட்டுக்கு வந்ததும் முகத்தில் வைத்து அழுத்தினால் அந்த வடிவத்திலேயே இறுகிவிடும். அதன் மேல் குழாய்களை ஒட்டலாம்.

இந்த வேலையை மோல்டு ரூம் ஊழியர்கள் செய்கிறார்கள். நோயாளியின் ஃபைலில் டாக்டர் பெயர் இருக்கும், கணக்குப் போட்ட இயற்பியலாளர் கையெழுத்து இருக்கும். வெந்நீரில் விரல் சுட, மூக்கின் மடிப்புக்குள் ஷீட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றவர் பெயர் பல இடங்களில் இருக்காது. இது எனக்கு எப்போதும் வருத்தம். நாங்கள் கம்ப்யூட்டரில் எத்தனை நுணுக்கமாகக் கணக்குப் போட்டாலும், அந்தக் கட்டைவிரல் சரியாக அழுத்தவில்லை என்றால் அது வெறும் கணக்குதான்.

சமீப வருடங்களில் 3டி பிரிண்டிங் வந்திருக்கிறது. நோயாளியை சிடி ஸ்கேன் எடுத்து, தோலின் வடிவத்தைக் கம்ப்யூட்டரில் பிரித்தெடுத்து, அதற்குப் பொருந்தும் மோல்டை வரைந்து, குழாய் போகும் துளைகளோடு சேர்த்தே அச்சிடுகிறார்கள். முகத்தில் பசை பூச வேண்டாம். புண்ணை அழுத்தி அளவெடுக்க வேண்டாம், தொட்டாலே ரத்தம் வரும் புண்ணுக்கு இது பெரிய நிம்மதி. குழாயை எங்கே வேண்டுமோ அங்கே வரையலாம். ஆனால் கதிர்ப்பொருள் ஒரு கம்பியின் நுனியில் வருகிறது. அந்தக் கம்பியால் குறுகிய வளைவில் திரும்ப முடியாது. அதனால் துளைகளைச் சீராக வளைத்துக் கொண்டுபோக வேண்டும். அச்சிடும் பொருளும் கதிரைத் தண்ணீர் அளவுக்கே தடுக்கிறதா, உள்ளே காற்றுப்பொந்து விட்டிருக்கிறதா என்று முதலில் சோதிக்க வேண்டும். பிரிண்டர் இருக்கும் மருத்துவமனைதான் நல்ல மருத்துவமனை என்று நினைத்துவிட வேண்டாம். கை பழகியவர் செய்த மெழுகு மோல்டு நன்றாகப் பொருந்தினால் அது எந்த விதத்திலும் குறைந்ததில்லை. எப்படிச் செய்தாலும் பொருந்தியதா என்று பார்ப்பதுதான் முக்கியம்.

அதைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. மோல்டை வைத்தபடியே சிடி ஸ்கேன் எடுப்பார்கள். புண்ணின் ஓரத்தை டாக்டர் பேனாவால் வரைந்து, அதன் மேல் மெல்லிய கம்பியை ஒட்டிவிடுவார். ஸ்கேனில் கம்பி வெள்ளையாகத் தெரியும், புண் எங்கே முடிகிறது என்று புரியும். மோல்டுக்கும் தோலுக்கும் நடுவே காற்று மாட்டியிருந்தால் கறுப்புக் கீற்றாகத் தெரியும். அங்கே மெழுகு வைத்து அடைப்பார்கள், அல்லது மோல்டையே மறுபடி செய்வார்கள். "இன்னொரு தடவை அளவெடுக்கணும், நாளைக்கு வாங்க" என்று சொன்னால் எண்ணூரிலிருந்து வந்தவருக்கு எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் அப்படிச் சொல்லும் இடம் கவனமாக வேலை செய்யும் இடம்.

அடுத்தது கதிர்ப்பொருள். பெரும்பாலும் இரிடியம்-192. நீளம் சில மில்லிமீட்டர், கனம் 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. இந்தத் துணுக்கு ஒரு நீளமான கம்பியின் நுனியில் இருக்கிறது. சிகிச்சை இல்லாத நேரத்தில் ஆஃப்டர்லோடர் என்ற இயந்திரத்தின் கனத்த உலோகப் பெட்டிக்குள் அடங்கியிருக்கும். மோல்டின் குழாய்களை இயந்திரத்தோடு இணைத்துவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். முதலில் கதிர் இல்லாத வெறும் கம்பி போய்ப் பாதை சரியா என்று பார்க்கும். அப்புறம் இரிடியம் கிளம்பும். ஒவ்வொரு குழாயிலும் சில மில்லிமீட்டருக்கு ஒருமுறை நின்று, கம்ப்யூட்டர் சொன்ன விநாடிகள் காத்திருந்து, அடுத்த புள்ளிக்கு நகரும். முடிந்ததும் பெட்டிக்குள் திரும்பிவிடும். கேமராவில் நோயாளியைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், மைக்கில் பேசலாம். எங்கேயாவது தடை வந்தால் கம்பி தானாகப் பின்வாங்கும்.

இரிடியம் பெட்டிக்குள் போன நொடியிலிருந்து நோயாளி உடம்பில் கதிர் எதுவும் தங்குவதில்லை. அறையில் அளவுகருவி வைத்து அதைச் சரிபார்த்த பிறகுதான் அவரை எழுப்புவார்கள். வீட்டுக்குப் போய்ப் பேரனைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளலாம். தனித்தட்டு, தனிப்படுக்கை எதுவும் வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பயத்தில் பெரியவர்களைத் திண்ணையில் தனியாகப் படுக்க வைக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன.

நோயாளிகள் கவனிக்கும் இன்னொரு விஷயம் நேரம். போன வாரத்தைவிட இந்த வாரம் அதிக நேரம் வைத்தார்களே, நோய் முற்றிவிட்டதா என்று கேட்பார்கள். அப்படியில்லை. இரிடியம்-192 சுமார் 74 நாளில் பாதி பலத்தை இழக்கும், நாளுக்குக் கிட்டத்தட்ட 1 சதவீதம். பலம் குறையக் குறைய, அதே அளவு கதிரைக் கொடுக்க அதிக நேரம் நிற்க வேண்டும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை புதுத் துணுக்கு மாற்றுவார்கள், அன்றைக்கு நேரம் சட்டென்று குறையும்.

எந்தப் புள்ளியில் எத்தனை விநாடி என்பதில் ஒரு நுட்பம் உண்டு. நடுவில் இருக்கும் தோலுக்குச் சுற்றியுள்ள எல்லாப் புள்ளிகளிலிருந்தும் கதிர் வரும். ஓரத்தில் இருப்பதற்கு ஒரு பக்கத்திலிருந்துதான் வரும். எல்லா இடத்திலும் ஒரே நேரம் நின்றால் நடுவே அதிகமாகி, ஓரம் பட்டினி கிடக்கும். எனவே ஓரப்புள்ளிகளில் அதிக நேரம் நிறுத்துவார்கள். புண்ணின் ஓரத்தையும் தாண்டி சில மில்லிமீட்டர் சேர்த்தே மோல்டு செய்வதும் இதற்காகத்தான். கண்ணுக்குத் தெரியாமல் பரவிய செல்களும் அதில் அடங்கும்.

இந்த விதி புதிதல்ல. 1901 வாக்கிலேயே பாரிஸில் பியர் கியூரி கொடுத்த ரேடியத்தை வைத்து டான்லோஸ் என்ற டாக்டர் தோல் நோய்க்குச் சிகிச்சை செய்தார். 1903இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் முகத்தில் தோல் புற்றுநோய் வந்த இருவருக்கு ரேடியம் வைத்தார்கள். அன்றைய மோல்டில் ரேடியத்தைக் கையால் பதித்து மணிக்கணக்கில் நோயாளியிடம் விட்டுவிடுவார்கள். வைத்தவர்களின் விரல்களும் சேர்ந்து வெந்தன. எவ்வளவு ரேடியம், எந்த வடிவத்தில், ஓரத்தில் எத்தனை பங்கு, நடுவில் எத்தனை பங்கு என்று மான்செஸ்டரில் பேட்டர்சனும் பார்க்கரும் அட்டவணை போட்டு வெளியிட்டது 1934இல். அதே 1934இல்தான் ஐரீன் ஜோலியோ-கியூரியும் ஃபிரெடெரிக்கும் செயற்கைக் கதிரியக்கத்தைக் கண்டுபிடித்தார்கள். இன்றைய இரிடியம் அந்த வழியில் வந்தது. நம் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே, பெரிய ஆஸ்பத்திரி வளாகத்தில் பெர்னார்ட் கதிரியக்க நிலையம் திறந்ததும் அதே வருடம்தான். விம்கோ நகர் மெட்ரோவில் ஏறி சென்ட்ரலில் இறங்கும்போது நான் பல தடவை இதை நினைத்துக்கொள்வேன்.

சரி, யாருக்கு இது பொருந்தும்? முதலில் ஆழம். சுமார் 5 மில்லிமீட்டருக்கு உட்பட்ட புண்ணாக இருக்க வேண்டும். எலும்பைத் தொட்டிருந்தால், ஆழமாக இறங்கியிருந்தால் மோல்டு உதவாது. பெரும்பாலான தோல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சைதான் முதல் வழி, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒரே நாளில் முடியும், எடுத்த சதையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து ஓரம் சுத்தமா என்று உறுதி செய்யலாம். கையின் புறத்தில் புண் என்றால், கை அறுவை சிகிச்சைக்குப் பேர்போன ஸ்டான்லி மருத்துவமனை நம் பக்கத்திலேயே இருக்கிறது, அறுவை டாக்டரின் கருத்தைக் கேட்காமல் முடிவு செய்ய வேண்டாம். மூக்கு நுனி, இமை, காது, உதடு போன்ற இடங்களில் அறுத்தால் உருவம் கெடும் என்னும்போதும், வயது, இதய நோய், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை போன்ற காரணங்களால் அறுவை கடினம் என்னும்போதும் மோல்டு நல்ல துணை. இளம் வயதினருக்கு யோசித்துத்தான் கொடுப்பார்கள். கதிர் பட்ட இடத்தில் பல வருடம் கழித்துப் புதிய புற்றுநோய் வரும் வாய்ப்பு சிறிது உண்டு, அவர்களுக்கு முன்னால் நிறைய வருடங்கள் இருக்கின்றன. ஏற்கனவே கதிர் வாங்கிய இடத்தில் மறுபடி கொடுப்பதும் அப்படியே.

நம் ஊரில் தோல் புற்றுநோய் குறைவு, கறுத்த தோல் நம்மைக் காக்கிறது. பிறவியிலேயே நிறமி இல்லாதவர்களுக்கு அந்தக் காப்பு இல்லை, அவர்கள் ஆறாத எந்தப் புண்ணையும் உடனே காட்ட வேண்டும். நாம் அதிகம் பார்ப்பது வாய்ப் புற்றுநோய். மாவா, புகையிலை அடக்கிய கன்னத்தில் வருவது. அது மிக மேலோட்டமாக, சிறியதாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் பல்செட் போல வாய்க்குள் பொருந்தும் மோல்டு செய்து கொடுக்க இடமுண்டு. நாக்குப் பக்கம் ஈயத்தகடு வைத்துத் தடுப்பார்கள். கழுத்தில் நெறி கட்டிய பிறகு வருபவர்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை, பெரும்பாலும் அப்போதுதான் வருகிறார்கள்.

புற்றுநோய் இல்லாத ஒன்றுக்கும் மோல்டு உதவும். காது குத்திய இடத்திலும் நெஞ்சிலும் தடித்து வளரும் கீலாய்டு. அறுத்து எடுத்தால் மறுபடி வளர்ந்துவிடும் பிடிவாதக்காரத் தழும்பு அது. அறுவை முடிந்த ஓரிரு நாளுக்குள் சில தவணை கதிர் கொடுத்தால் திரும்பி வருவது குறைகிறது. உயிருக்கு ஆபத்து இல்லாத பிரச்சினை என்பதால் ஊசி, அழுத்தப்பட்டை எல்லாம் பார்த்த பிறகு கடைசியாக இதை எடுப்பதே சரி என்று நான் நினைக்கிறேன்.

காசிமேட்டுப் பெரியவருக்கு வருவோம். அவருக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் வீதம், எட்டு பத்து சிட்டிங் கொடுக்கலாம். எண்ணிக்கை டாக்டருக்கு டாக்டர், புண்ணுக்குப் புண் மாறும். ஒவ்வொரு சிட்டிங்கும் சில நிமிடம். கண்ணுக்குப் பக்கத்தில் என்றால் மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு இமைக்கு அடியில் சின்ன உலோகக் கவசம் வைப்பார்கள். உதட்டில் என்றால் உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே மெழுகு பூசிய ஈயத்தகடு. ஈயத்தில் பட்டுத் தெறிக்கும் கதிர் ஈறைச் சுடாமல் அந்த மெழுகு தடுக்கும்.

இரண்டாவது மூன்றாவது வாரத்தில் அந்த இடம் சிவக்கும், எரியும், தோல் உரிந்து நீர் கசியலாம், பொருக்குத் தட்டலாம். சிகிச்சை முடிந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் இது கூடத்தான் செய்யும். புண் முன்னைவிட மோசமாகிவிட்டது என்று பயந்து பாதியில் நிறுத்திவிடுபவர்கள் உண்டு, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பொருக்கைப் பிய்க்க வேண்டாம், டாக்டர் கொடுத்த களிம்பு தவிர வேறு எதுவும் பூச வேண்டாம். மஞ்சளும் வேண்டாம், தேங்காயெண்ணெயும் வேண்டாம். சவரக்கத்தி அந்தப் பக்கம் போக வேண்டாம். கடற்கரைக்குப் போனால் தொப்பி, துண்டு. பெரும்பாலும் ஒன்றிரண்டு மாதத்தில் புதுத் தோல் மூடிவிடும். பிற்பாடு அந்த இடம் கொஞ்சம் வெளுத்தோ கறுத்தோ இருக்கும், மெல்லிய ரத்தக்குழாய்கள் தெரியலாம், அங்கே முடி முளைக்காமல் போகலாம். மறுபடி வருகிறதா என்று பார்க்க வருடக்கணக்கில் செக்கப்புக்குப் போக வேண்டும். வலி இல்லை என்பதற்காக அதை விடக் கூடாது, முதல் முறையும் வலி இல்லாமல்தானே வந்தது.

மோல்டை என்ன செய்வது என்றும் கேட்பார்கள். இரிடியம் வந்து போனதால் அதில் கதிர் ஏறிவிடாது, வெறும் மெழுகும் பிளாஸ்டிக்கும்தான், தொடலாம். ஆனால் புண்ணில் பட்ட பொருள் என்பதால் வீட்டுக்கு எடுத்துப் போகாமல் மருத்துவமனையிலேயே விட்டுவிடுங்கள்.